மணியாச்சிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே வ.உ.சி.

நம் குடியிருப்பில் பலர் மாதம் ஒரு தடவையாவது முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் வருகிறோம். மேலூர், மீளவிட்டான், தட்டப்பாறை, பிறகு வாஞ்சி மணியாச்சி. சுமார் 30 கிலோமீட்டர்தான். வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்தச் சின்னப் பாதையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1870-களின் நடுவில் இந்தப் பாதை வந்தது. சென்னையிலிருந்து வரும் ரயில் தூத்துக்குடியில் நிற்கும். அங்கிருந்து கப்பலில் கொழும்பு. இதைத்தான் போட் மெயில் என்றார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள், கடை வைக்கப் போனவர்கள் எனப் பலரும் இந்த வழியாகத்தான் போனார்கள். அன்றைய துறைமுகத்தில் ஆழம் கிடையாது. கப்பல் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். அந்தக் கப்பல் பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்துடையது. ரயில் கொண்டுவந்து இறக்கும் கூட்டத்துக்கு வேறு வழியில்லை.

வ.உ.சி. 1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வக்கீல். தாயார் பரமாயி அம்மாள். மகனும் வக்கீலாகி, 1900 வாக்கில் தூத்துக்குடிக்கு வந்து தொழில் நடத்தினார். ரயிலில் வரும் கூட்டத்தையும், அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதையும் தினமும் பார்க்கிற ஊர் இது.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. உதவிச் செயலாளர். முதலில் வாடகைக் கப்பல்தான். போட்டியாளர் கொடுத்த நெருக்கடியில் அதுவும் கைவிட்டுப் போனது. வ.உ.சி. பம்பாய் வரை போய் ஆதரவு திரட்டினார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இலவசமாகவே ஏற்றிச் செல்வதாக அறிவித்தது. குடையும் சும்மா கொடுத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். பெரிய கம்பெனி நஷ்டத்தைத் தாங்கும். பங்குப் பணத்தில் நடக்கும் கம்பெனியால் எத்தனை நாள் தாங்க முடியும்?

1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். கூலி உயர்ந்தது. அடுத்த சில நாளில், மார்ச் 12 அன்று, இருவரும் கைதானார்கள். ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனாலும் கோவை, கண்ணனூர் சிறைகளில் கடும் உழைப்பு. கோவையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கு இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

அவர் சிறையில் இருந்தபோதே, 1911-ல், கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பலும் விற்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 17-ல் மணியாச்சியில் நின்ற ரயில் பெட்டியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதனும் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். ஆஷ் முன்பு தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்து சுதேசிக் கம்பெனிக்கு எதிராக நடந்துகொண்டவர்.

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். அடுத்த சுமார் பதினான்கு மாதத்தில், 1914 பிப்ரவரியில், பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. எந்தக் கூட்டத்துக்காக அவர் கப்பல் விட்டாரோ, அந்தக் கூட்டமே இந்தப் பாதையை விட்டுப் போய்விட்டது. சுதேசிக் கப்பல் பிழைத்திருந்தாலும் அந்த அடியைத் தாங்கியிருக்க வேண்டும்.

வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் மளிகைக்கடை வைத்துப் பார்த்தார், வறுமை தீரவில்லை. பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். நன்றி மறவாமல் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. வெள்ளையரை அல்ல, வெள்ளை ஆட்சியைத்தான் அவர் எதிர்த்தார் என்பதற்கு இது போதும். கோவில்பட்டியில் வக்கீல் தொழில் செய்து, 1932-ல் தூத்துக்குடி திரும்பினார். இதற்கிடையே ஜேம்ஸ் ஆலன் நூல்களைத் தமிழாக்கினார். தொல்காப்பியம் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை எழுதினார். 1936 நவம்பர் 18-ல் இங்கேயே காலமானார்.

மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்துவிட்டது. 1974-ல் பெரிய கப்பல்கள் கரையோரம் வந்து நிற்கும் புதிய துறைமுகமும் வந்தது. 2011 முதல் அதற்கு வ.உ.சி. பெயர். பாதையின் மறுமுனையில் வாஞ்சி பெயரில் ஸ்டேஷன். இடையே ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். திரும்பும் வழியில் பழைய துறைமுகத்தில் சற்று நின்று, கொழும்புக் கப்பலுக்குப் படகு கிளம்பிய இடம் இதுதான் என்று சொல்லிக் கொடுங்கள்.