வானேறிய முதல் ஆசிரியர்

சென்ற மாசி மாதத்திலே, முன்னாளில் என்னிடம் பாலபண்டித வகுப்பிற் பயின்ற மாணாக்கர் ஒருவர், தம் குடும்பத்தாருடன் தம்புள்ளைக்குச் செல்லும்போது என்னையும் உடன் வருமாறு வற்புறுத்தி அழைத்தார். பொழுது புலரும் வேளையிற் பலூனில் ஏறி அப்பிரதேசத்தை வானிலிருந்து பார்ப்பதும், இறங்கிய பின்னர் வழிகாட்டி ஒருவருடன் சிகிரியாக் குன்றையும் தம்புள்ளைக் குகைக் கோயிலையும் காண்பதும் அப்பயணத்தின் ஒழுங்கு. புட்பக விமானத்தைப் பற்றி முப்பது ஆண்டுகளாகப் பாடஞ்சொல்லி வந்தவனாகிய யான், ஒருமுறையேனும் நிலத்தை விட்டு எழுந்தவனல்லன். ஆதலால் ஐம்பத்தைந்தாம் பிராயத்தில் எழுந்த ஆசையை அடக்கமாட்டாமல் உடன்பட்டேன்.

குறித்த நாளில் இருள் பிரியுமுன்னரே மைதானத்தை அடைந்தோம். பலூனோட்டி கரிய சிறு பலூன் ஒன்றை மேலே விடுத்து, அது சென்ற போக்கை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பின்பு உயரத்திலே காற்றுக் கடுகி வீசுகின்றதெனவும், அன்று பறத்தல் இயலாதெனவும் சொல்லிவிட்டார். தரையில் ஓர் இலைதானும் அசையவில்லை. கூடியிருந்தோர் முகம் சுருங்கிற்று. கொடுத்த பணத்தையும் கெடுத்த உறக்கத்தையும் எண்ணிச் சிலர் முறுமுறுத்தனர். முறுமுறுத்தோரில் யானும் ஒருவன் என்பதை மறைத்தற்கில்லை.

மறுநாட் காலையில் காற்று அடங்கியிருந்தது. தலைக்கு மேலே எரிவாயுச் சுடர் இரைந்தெழ, கூடை எவ்வகை அதிர்ச்சியுமின்றி நிலத்தை விட்டு நீங்கிற்று. காற்றோடு காற்றாகவே செல்வதால் முகத்திற் காற்றுப் படவில்லை. சுடரை அவித்தபோது நிலவிய அமைதியிற் கீழே எங்கோ ஒரு நாய் குரைத்தது தெளிவாகக் கேட்டது. குளங்களின் மீது வெண்பனி படர்ந்திருக்க, அப்பனியினின்றும் சிகிரியாக் குன்று தனித்தெழுந்து நின்ற காட்சி இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. பின்னர் அக்குன்றின் படிகளில் ஏறும்போது, 5ஆம் நூற்றாண்டில் அங்கே கோட்டை கட்டி வாழ்ந்த காசியப்ப மன்னனின் கதையை வழிகாட்டி விரிவாகச் சொன்னார். குன்றின்மேல் ஏறியவனுக்கு ஒரு கதையுண்டு. யாம் காலையில் ஏறிய கூடையில் முதன்முதல் ஏறியவர் யாவர் என்று யான் கேட்டபோது, உடனிருந்தோர் ஒருவருக்கும் அது தெரியவில்லை. வீடு திரும்பியபின் நூல்களைத் தேடிப் படித்தேன். அவர் என் தொழிலினரான ஓர் ஆசிரியர் என்று கண்டபோது எனக்குண்டான வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

சான் பிரான்சுவா பிலாத்தர் தெ றோசியே என்பது அவர் பெயர். பிரான்சு தேசத்தின் கிழக்கிலுள்ள மெற்சு நகரிலே 1754ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் படைவீரராயிருந்து பின்பு சத்திரம் நடத்தியவர். பெருங்குடிப் பிறப்போ பெருஞ்செல்வமோ றோசியேக்கு வாய்க்கவில்லை. இளமையில் மருந்துச்சாலை ஒன்றிற் பயிற்சி பெற்றார். மருந்து அரைக்கும் அறையிலே அவர் மனம் மருந்திற் பதியாது, பொருள்கள் ஒன்றோடொன்று கூடுங்கால் உண்டாகும் மாற்றங்களிலேயே பதிந்தது. பாரிசு நகரஞ் சென்று பௌதிகமும் இரசாயனமும் கற்றார். றேம்சு நகரிற் சில காலம் அவற்றைக் கற்பித்தார். மீண்டும் பாரிசுக்கு வந்து, அரசனின் தம்பியாருடைய ஆதரவைப் பெற்றார். 1781ஆம் ஆண்டு திசெம்பரில் அந்நகரிலே விஞ்ஞானக் கூடம் ஒன்றைத் திறந்து, கருவிகளைக் காட்டிப் பாடஞ்சொல்லலானார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

பிறருக்குச் சொல்வதைத் தம் மெய்யிலே சோதித்துப் பார்த்தல் அவர் இயல்பு. நச்சுக்காற்று நிறைந்த குழிகளில் இறங்கி வேலைசெய்யும் ஏழைகள் மூச்சடைத்து இறப்பதைத் தடுத்தற்பொருட்டு மூச்சுக்கருவி ஒன்றை அமைத்தார். ஐதரசன் வாயுவை வாயில் உட்கொண்டு, வெளிவிடும் மூச்சிலே தீக்கொளுத்திக் காட்டியதில் ஒருமுறை புருவமயிரைப் பறிகொடுத்தார் என்றுஞ் சொல்வர். மாணாக்கரை மருட்டும் வித்தை எனச் சிலர் இதனை எள்ளலாம். ஆயினும் ஆபத்தைப் பிறர் தலையில் வைக்காது தம் தலையில் வைத்துக்கொண்ட இக்குணமே பின்னர் அவரை வானில் ஏற்றியது.

1783ஆம் ஆண்டு யூன் 4ஆம் நாள், தென்பிரான்சிலுள்ள அன்னோனே என்னும் ஊரிலே, கடதாசித் தொழில் நடத்திய மொங்கொல்பியே சகோதரர் இருவர் சீலையாலும் தாளாலும் ஆகிய பெரிய பையொன்றைச் சூடான காற்றால் நிரப்பி, யாவருங் காண மேலே செலுத்தினர். நம் ஊர்க் கோயிற் றிருவிழாக்களிலே மெல்லிய தாளாற் செய்த புகைக்குண்டின் அடியில் எண்ணெய்ச் சீலையைக் கொளுத்தி விடுவதைக் கண்டோர்க்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். சூடேறிய காற்று விரிந்து இலேசாகின்றது, இலேசானது மேலெழுகின்றது. ஆனால் அக்காலத்து மொங்கொல்பியே சகோதரர்தாமும் சூட்டைவிடப் புகையையே காரணமென்று கருதியிருந்தனர். அதே ஆண்டு ஓகத்து மாதம் சார்ல் என்னும் பௌதிக அறிஞர் ஐதரசன் நிரப்பிய பலூனைப் பாரிசிலே பறக்கவிட்டார். அது வீழ்ந்த கிராமத்து மக்கள், ஏதோ பூதம் வந்ததென்று அஞ்சி, கவைக்கோல்களாற் குத்திக் கிழித்தனர்.

அடுத்து எழுந்தது, உயிருள்ளவை மேலே சென்றால் மூச்சு நிலைக்குமோ என்னும் ஐயம். செத்தெம்பர் 19ஆம் நாள் வேர்சாய் அரண்மனை முன்றிலிலே, பதினாறாம் லூயி மன்னன் காண, ஓர் ஆடும் ஒரு சேவலும் ஒரு தாராவும் பலூனில் ஏற்றப்பட்டன. எட்டு நிமிடம் பறந்து அவை உயிருடன் இறங்கின. சேவலின் சிறகிற் சிறு காயம் காணப்பட்டது. உயரத்தால் நேர்ந்ததோ என அறிஞர் கவன்றனர். அஃது ஆடு உதைத்ததால் ஆனது என்று பின்னர்த் தெளிந்தனர். 

இனி மனிதன் ஏறவேண்டும். மன்னன், மரண தண்டனை பெற்ற குற்றவாளிகள் இருவரை ஏற்றலாமென எண்ணினான். இறந்தால் நட்டமில்லை, பிழைத்தால் விடுதலை பெறுவர் என்பது அவன் கருத்து. இதைக் கேட்டு றோசியே கொதித்தார். மனித குலம் முதன்முதல் வானேறும் பெருமை குற்றவாளிக்குச் செல்லலாகாது என்று வாதாடினார். மார்க்கி தார்லாந்து என்னும் படையதிகாரியும் அவருடன் சேர்ந்து அரசவையில் மன்றாடினார். அரசியாரின் தோழியார் வழியாகவும் விண்ணப்பம் சென்றது. மன்னன் இசைந்தான். றோசியே பெருமையை முன்னிட்டு வாதாடினாரெனினும், அதனுள் வேறோர் உண்மையும் அடங்கியிருத்தலை யான் காண்கின்றேன். அறியாதவனை அனுப்பினால் அவன் பிழைத்தாலும் அறிவு வளராது. அறிந்தவன் சென்றாலன்றோ கண்டதைச் சொல்வான்!

ஒக்தோபர் 15ஆம் நாள், கயிற்றாற் பிணித்த பலூனில் றோசியே ஏறத்தாழ எண்பதடி எழுந்து பழகினார். பின்னும் பலமுறை பழகினார். நவம்பர் 21ஆம் நாட் பிற்பகல், பாரிசின் மேற்குப் புறத்துள்ள லா முயெற்று மாளிகைத் தோட்டத்திலிருந்து, நீலமும் பொன்னிறமும் தீட்டிய எழுபதடி உயரப் பலூன், றோசியேயையும் தார்லாந்தையும் சுமந்து, கயிறின்றி எழுந்தது. அமெரிக்கத் தூதராயிருந்த பெஞ்சமின் பிராங்கிளின் அதனைக் கண்டு சான்றுக் கையொப்பமிட்டோரில் ஒருவர்.

இருவரும் பாரம் சமன்படும்படி எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றனர். நடுவே வைக்கோலும் கம்பளியும் எரியும் அடுப்பு. தார்லாந்து கீழே வளைந்தோடும் செயின் ஆற்றையும் அதன் திருப்பங்களையும் ஊர்களையும் இனங்கண்டு மெய்ம்மறந்து நின்றார். பலூன் தாழ்வதைக் கண்ட றோசியே, வேடிக்கை பார்த்தது போதும், நெருப்புக்கு வைக்கோலிடுக என அவரைக் கடிந்தார். வானிலிருந்து காட்சி பார்த்த முதல் யாத்திரிகர் தார்லாந்து எனவும், அக்காட்சியை அவருக்கு உரியதாக்கிய முதற் பலூனோட்டி றோசியே எனவும் கொள்ளலாம். சிறிது நேரத்திற் பலூனின் சீலையிலே தீப்பொறி பட்டுத் துளைகள் தோன்றின. நீரில் நனைத்த கடற்பஞ்சால் அவற்றை அணைத்தனர். கயிறுகள் சில அறுந்தன. இருபத்தைந்து நிமிடங்களில் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் கடந்து, நகரின் தென்புறத்தே காற்றாலைகளுக்கிடையில் நலமே இறங்கினர். ஓடிவந்த மக்கள், றோசியே கழற்றி வைத்திருந்த மேற்சட்டையை நினைவுப் பொருளாகத் துண்டுதுண்டாகக் கிழித்துப் பகிர்ந்துகொண்டனர்.

பத்து நாளில் சார்ல் ஐதரசன் பலூனிலே தாமே ஏறிப் பறந்தார். போட்டி பிறந்தது. 1784ஆம் ஆண்டு சனவரியில் லியோன் நகரிலே ஏழுபேரைச் சுமந்தெழுந்த மாபெரும் பலூனில் றோசியேயும் ஒருவர். சீலை கிழிந்து அது விரைந்து வீழ்ந்தபோதும் எழுவரும் உயிர் தப்பினர். அவ்வாண்டு யூன் 23ஆம் நாள் வேர்சாயிலிருந்து, பிரான்சு மன்னனும் சுவீடன் மன்னனும் காண, புரூசுத்து என்னும் இரசாயன அறிஞருடன் எழுந்து, ஏறத்தாழ 3,000 மீற்றர் உயரத்தில் முக்கால் மணி நேரத்தில் 52 கிலோமீற்றர் சென்றார்.

இதன்பின் அவர் உள்ளம் ஆங்கிலக் கால்வாயைக் கடத்தலிற் சென்றது. வைக்கோல் எரிக்கும் பலூனால் அத்தூரம் செல்ல இயலாது. ஐதரசன் பலூனோ, உயரத்தை மாற்றவேண்டுந்தோறும் வாயுவையேனும் மணற்பாரத்தையேனும் இழத்தல் வேண்டும். பலூனுக்குச் சுக்கான் இல்லை. வெவ்வேறு உயரத்தில் வெவ்வேறு திசையில் வீசும் காற்றைத் தேடிச் செல்வதே அதனைச் செலுத்தும் வழி. எனவே மேலே ஐதரசன் உருண்டையும் கீழே சூடான காற்று அறையுமாக இரண்டையும் இணைத்தார் றோசியே. கருத்து நுண்மையானது. ஆனால் ஐதரசன் எளிதிற் பற்றி எரியும் வாயு. அதன் அடியிலே நெருப்பை வைப்பதன் ஆபத்தைப் புருவம் இழந்த அவர் அறியாதவரல்லர்.

அரசு பொருளுதவி செய்தது. றோசியே கடற்கரையிலுள்ள பூலோனில் மாதக்கணக்கிற் காத்திருந்தார். அங்கே பெரும்பாலும் வீசுவது கடலிலிருந்து கரைநோக்கிய காற்று. பலூன் மழையாலும் எலியாலும் பழுதுற்று மீண்டும் மீண்டும் செப்பஞ்செய்ய நேர்ந்தது. இதற்கிடையில் 1785 சனவரி 7ஆம் நாள் பிளான்சார், செவ்றீசு என்னும் இருவர் டோவரிலிருந்து புறப்பட்டு, சாதகமான காற்றோடு கால்வாயைக் கடந்துவிட்டனர். றோசியேக்கு எஞ்சியது எதிர்த்திசைப் பயணமே. செலவான பொருள் ஒருபுறம், பார்த்திருக்கும் அரசும் ஊரும் ஒருபுறம். இன்று இயலாது என்று சொல்லுதல் நாளுக்கு நாள் அரிதாயிற்று.

யூன் 15ஆம் நாட் காலை, பலூனைக் கட்டுவதில் துணைநின்ற பியேர் றொமேன் என்பவருடன் அவர் எழுந்தார். பலூன் கடல்மேற் சென்றது. பின் காற்று மாறிக் கரைக்குத் திரும்பிற்று. ஏறிய அரைமணி நேரமளவில், பார்த்திருந்தோர் பதற, அது சுருங்கி நிலத்தில் வீழ்ந்தது. வாயு பற்றியெரிந்தது என்பர் சிலர். அடைப்பிதழ் கிழிந்து வாயு வெளியேறிற்று என்பர் வேறு சிலர். விமெறூ என்னும் ஊருக்கருகே றோசியே அக்கணமே மாண்டார்; றொமேன் சில நிமிடங்களில் உயிர்நீத்தார். முதலில் வானேறியவரே வான்பயணத்தில் முதலில் இறந்தவருமானார். அவருக்கு அப்போது வயது முப்பத்தொன்று. இருவரும் அண்மையிலுள்ள விமீல் என்னும் ஊரில் அடக்கம் பெற்றனர்.

கதை இங்கு முடிந்திருப்பின் இது வெறும் அவலமாகும். 1960ஆம் ஆண்டு எட் யோசுற்று என்னும் அமெரிக்கர் எரிவாயு அடுப்புடன் கூடிய பலூனிற் பறந்து காட்டிய பின்னரே, யான் ஏறியது போன்ற பலூன்கள் பெருகின. எரியாத வாயுவாகிய ஈலியம் கிடைத்தபின், றோசியேயின் இரட்டைப் பலூனும் உயிர்பெற்றது. 1999ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பெர்த்திராண்டு பிக்கார், பிறயன் யோன்சு என்னும் இருவர் பத்தொன்பது நாட்களுக்கு மேலாக எங்கும் இறங்காது உலகைச் சுற்றிவந்த பலூன் அவ்வகையினதே. அவ்வகைக்கு அவர் பெயரே இன்றும் வழங்குகின்றது. மாணாக்கன் ஒருவன் கணக்கின் வழியைச் சரியாகச் செய்து ஓர் எண்ணை மாற்றி எழுதி விடை தவறுவதுண்டு. றோசியேயின் வழி சரி; வாயு ஒன்றே பிழை. அதனைத் திருத்தி விடை காண இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயின.

குற்றவாளியை அனுப்ப வேண்டாமென்று மன்னனுக்கே மறுப்புச் சொன்னவர், தம்மைத் தாமே தடுத்து ஒரு மறுப்புச் சொல்ல முடியாமற் போனதே எனக்குத் துயரந் தருகின்றது. தம்புள்ளை மைதானத்திலே அன்று அந்தப் பலூனோட்டி, எங்கள் முறுமுறுப்பையும் தம் வருவாயையும் பொருட்படுத்தாது, இன்று பறத்தல் இயலாது என்று சொல்லிவிட்டு, விரித்த சீலையை மெல்ல மடித்து வைத்தார். அச்சொல்லின் விலை இன்னதென்று அன்று அறியேன். மீண்டும் அவரைக் காணுமாயின் கைகூப்புவேன்.