உழைப்பில் இன்பம் தேடிய வில்லியம் மாரிஸ்

பொருளைப் பெருக்கும் பொறிகள் மனிதனின் மகிழ்ச்சியையும் பெருக்குமா? இவ்வினாவை வாழ்நாளெல்லாம் எழுப்பியவர் ஆங்கிலக் கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மாரிஸ். லண்டனை அடுத்த வால்தம்ஸ்டோவில் 1834இல் பிறந்தார். தந்தையார் செப்புச் சுரங்கப் பங்குகளால் பெருஞ்செல்வரானவர். ஆக்ஸ்போர்டில் பயின்ற மகனோ கைத்தொழிலை நாடினார்.

1861இல் நண்பர்களுடன் நிறுவனமொன்றைத் தொடங்கினார். தறியில் நெய்தார்; அவுரிச் சாயம் தோய்த்தார்; சுவர்த்தாள்களுக்கு மலரும் கொடியும் வரைந்தார். ஆயினும் கையால் இயன்ற பொருளின் விலை மிகுதி. அவை செல்வர் மாளிகைகளையே பெரிதும் அடைந்தன. அழகு அனைவர்க்கும் உரியதென நம்பிய அவரை இம்முரண் வருத்தியது. இலாபத்தையே அளவுகோலாகக் கொண்ட சமுதாய அமைப்பே இதற்குக் காரணமெனத் தெளிந்தார். 1883இல் சமதர்ம இயக்கத்தில் சேர்ந்து, தெருமுனைகளில் நின்று பேசினார்.

குறை கூறுவதோடு அவர் அமையவில்லை. பணமும் சிறைச்சாலையும் இன்றி, உழைப்பே இன்பமாக மலர்ந்த எதிர்கால இங்கிலாந்தை, 1890இல் தாம் நடத்திய இதழில் தொடர்கதையாகத் தீட்டினார். 'எங்குமில்லா ஊரிலிருந்து செய்திகள்' எனும் பொருள்படும் பெயருடையது அப்புதினம். 1891இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தை நிறுவி, எழில்மிகு நூல்களை அச்சிட்டார். அவற்றையும் வசதி படைத்தோரே வாங்க முடிந்தது. 1896 அக்டோபர் 3ஆம் நாள் மறைந்தார்.

இன்று அவர் வரைந்த மலர்கள் கோப்பைகளிலும் கைப்பைகளிலும் அச்சாகி விற்பனையாகின்றன. வணிக உலகு அவருடைய கோலங்களை எடுத்துக்கொண்டது, வினாவை விட்டுவிட்டது. அவ்வினாவை நாமேனும் ஏந்துவோமாக! செய்யும் தொழிலில் மகிழ்வு காணும் உரிமை உழைப்போர் அனைவர்க்கும் உண்டென்பதை நாம் மறவாதிருப்போம்.