இராமானுஜனின் உபகாரச் சம்பளம்

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்துப் பிள்ளை என்றே அவரை நாம் அறிவோம். ஆனால் சிறு வயதில் சில காலம் நம் காஞ்சிபுரத்திலும் வளர்ந்தார். தாய்வழிப் பாட்டனார் இங்கே நீதிமன்ற ஊழியர். அவர் வேலையை இழக்கவே, தாயும் மகனும் கும்பகோணம் திரும்பினர். அங்கே தந்தை துணிக்கடைக் கணக்கர்; வருவாயோ சொற்பம்.

1904-இல் கல்லூரியில் சேர்ந்தபோது உபகாரச் சம்பளம் கிடைத்தது. கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறியதால் அது பறிபோயிற்று. பட்டம் பெறாமலே 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி அவர் திறமையை உணர்ந்த பிறகு, 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வழங்கியது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் செல்ல ஆண்டுக்கு 250 பவுனும், கப்பற்செலவும், உடைச்செலவும் தந்தது. பட்டமில்லாத ஒருவரை நம்பி இவ்வளவு பணம் கொடுக்க அன்று எத்தனை துணிவு வேண்டும்! அதில் 50 பவுன் பெற்றோருக்குச் சென்றது.

1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். தாயகம் திரும்பியபின்னும் ஆண்டுக்கு 250 பவுன் தரப் பல்கலைக்கழகம் முன்வந்தது. 1919 ஜனவரியில், நோயுற்றிருந்த நிலையிலும், இராமானுஜன் பதில் எழுதினார். அத்தொகை தமக்கு அதிகம் என்றார். பெற்றோருக்கு 50 பவுனும் தம் தேவையும் போக எஞ்சியதை ஏழை மாணவர், அநாதைப் பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிடக் கேட்டுக்கொண்டார்.

மார்ச்சில் நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், சென்னையில் காலமானார்.