சின்ன டிரம்பெட்டின் நெடும்பயணம்

பல்கலைக்கழக இசைக்குழுவில் டிரம்பெட் ஊதத் தொடங்கிய முதல் பருவத்திலேயே நான் மனம் தளர்ந்து போனேன். எவ்வளவு முயன்றும் என் சுருதி பிசகியது. விலகிவிடலாம் என்று எண்ணியிருந்த வேளையில், விடுதி நண்பர் ஒருவர் தந்த குறுவட்டின் வழி டான் செர்ரியை அறிந்தேன்.

செர்ரி 1936ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். அங்கே சாக்சபோன் கலைஞர் ஓர்னெட் கோல்மனோடு இணைந்தார். அன்றைய ஜாஸ் கலைஞர்கள் பாடலுக்கென வகுத்த சுர அடுக்குகளுக்குள் நின்றே கற்பனையாக வாசிப்பர். இவ்விருவரும் அந்த வேலியைத் தாண்டினர், பியானோவையும் விலக்கினர். 1959 நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் இவர்களின் நால்வர் குழு வாசித்தபோது இசையுலகம் இரண்டுபட்டது. புதுவழி பிறந்ததாகச் சிலர் மகிழ்ந்தனர். இது இசையே அன்று எனச் சிலர் வெகுண்டனர். கையடக்கமான சின்ன டிரம்பெட்டை ஊதிய செர்ரியின் வாசிப்பு நுட்பத்திலும் குறை கண்டனர்.

அவர் கருவியைக் கீழே வைக்கவில்லை. 1960இல் பதிவான 'ஃப்ரீ ஜாஸ்' இசைத்தட்டில், இரு நால்வர் குழுக்கள் ஒரே வேளையில் ஏறத்தாழ 37 நிமிடங்கள் வாசித்தன. அதில் செர்ரியும் ஒருவர். 1965இல் தம் தலைமையில் 'கம்ப்ளீட் கம்யூனியன்' இசைத்தட்டைப் பதிவு செய்தார்.

என்னை மிகவும் ஈர்த்தது அதன் பிறகு வந்த வாழ்க்கைதான். புகழ் பெற்றவர் மீண்டும் மாணவரானார். சுவீடனில் பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் குடும்பத்தோடு குடியேறி, சிறுவர்களோடும் இசை பயின்றார். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டு வேடர்களின் யாழ் போன்ற நரம்புக் கருவியைக் கற்றார். 1978இல் 'கோடோனா' குழுவில், சித்தாரும் தபேலாவும் வாசித்த காலின் வால்காட், பிரேசில் தாளக் கலைஞர் நானா வாஸ்கோன்செலோஸ் ஆகியோருடன் சேர்ந்தார். நம் செவிக்குப் பழகிய தபேலாவின் அருகே அந்தச் சின்ன டிரம்பெட் ஒலித்ததைக் கேட்டு வியந்தேன்.

அவர் குறையற்றவர் அல்லர். போதைப் பழக்கத்தோடு நெடுங்காலம் போராடினார். 1995 அக்டோபர் 19ஆம் நாள், ஸ்பெயினின் மலாகா நகருக்கு அருகே, 58ஆம் வயதில் காலமானார்.

அன்பு வாசகர்களே, என் சுருதி இன்றும் சில வேளைகளில் பிசகத்தான் செய்கிறது. பயிற்சியைத் தட்டிக்கழிக்க செர்ரியை நான் சாக்காகச் சொல்ல மாட்டேன். ஆனால், நாளை மாலைப் பயிற்சிக்கு நான் நிச்சயம் போவேன்.