செம்மண் சொல்லும் கதை: புனித அருளானந்தர்



நம்ம காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானைப் பக்கம் போனால் ஓரியூர் என்று ஒரு ஊர் வரும். அங்கே மண் செக்கச்செவேல்னு இருக்கும். வருஷா வருஷம் பிப்ரவரி மாசம் எங்க அப்பத்தா அங்கே போயிட்டு, கொஞ்சம் மண்ணைத் தாளில் மடிச்சு எடுத்துட்டு வரும். 300 வருடங்களுக்கு முன்னால் அந்த மண்ணில் உயிரைக் கொடுத்த ஒருவரைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதியிருக்கிறேன். தேவகோட்டை தே பிரித்தோ மேல்நிலைப்பள்ளியை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

அரண்மனைப் பிள்ளை

ஜான் தே பிரித்தோ 1647 மார்ச் 1-ம் தேதி போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் பிறந்தார். பெரிய குடும்பம். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார். அரண்மனையில் இளவரசர் பேத்ருவுக்குத் தோழனாக வளர்ந்தார். ஒருமுறை கடுமையான நோய் வந்தது. பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் இயேசு சபைக் குருக்களின் உடையைப் போட்டுவிடுவதாக, அம்மா புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. ஆனால் அந்த உடை ஒரு வருஷத்தோடு போகவில்லை! 1662-ல் அவர் இயேசு சபையிலேயே சேர்ந்துவிட்டார். 1673-ல் குருவாகி இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அம்மா எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். முடியவில்லை.

காவி கட்டிய வெள்ளைக்காரர்

1674-ல் மதுரை மிஷனுக்கு வந்தார். இது 1606-ல் ராபர்ட் தே நொபிலி தொடங்கிய பணி. இங்கே வந்ததும் தே பிரித்தோ பண்டாரசாமி ஆகிவிட்டார். காவி உடை, தலைப்பாகை, சைவச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை. அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். தமிழ் கற்று, வெயிலிலும் மழையிலும் நடையாய் நடந்து போதித்தார்.

முதல் சோதனை

1686-ல் மறவர் சீமையில் அவரையும் உபதேசியார்களையும் பிடித்தார்கள். கட்டிப்போட்டு அடித்தார்கள், தண்ணீரில் முக்கினார்கள். தான் வணங்கும் கடவுளை விட்டுவிட்டால் விடுதலை என்ற நிலை. அவர் விடவில்லை. கடைசியில் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி அவரை வரவழைத்துப் பேசவிட்டுக் கேட்டார். இனி என் நாட்டில் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து, உயிரோடு அனுப்பிவிட்டார்.

அதன்பின் சபை வேலையாக அவரைப் போர்ச்சுக்கலுக்கு அனுப்பினார்கள். பழைய தோழர் பேத்ரு இப்போது அரசர்! அங்கேயே இருக்கச் சொல்லி வற்புறுத்தினார். அரண்மனை, பதவி, சொந்த ஊர் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. ஆனால் 1690-ல் அவர் திரும்பி வந்துவிட்டார். வந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் வந்தார்.

இரண்டாம் சோதனை

மறவர் சீமையின் தடியத்தேவர் பெரிய நோயில் கிடந்தார். கிறிஸ்தவ ஜெபத்தால் குணமானதாக நம்பி ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவிகள். ஒருவரோடு மட்டுமே வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் சம்மதித்தார். 1693 ஜனவரி 6-ம் தேதி ஞானஸ்நானம் நடந்தது.

விலக்கப்பட்ட மனைவிகளில் ஒருவர் சேதுபதியின் நெருங்கிய உறவுப் பெண். அந்தப் பெண்ணின் வேதனையும் சாதாரணமானதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் சேதுபதியிடம் போய் முறையிட்டார். இரண்டே நாளில், ஜனவரி 8-ம் தேதி, அருளானந்தரைப் பிடித்துவிட்டார்கள். ராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே சிறையில் மையும் இல்லை, பேனாவும் இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்துக் கடிதம் எழுதினார். மக்கள் விக்கிரகங்களை விட்டு ஒரே கடவுளை வணங்கச் சொன்னதுதான் தன்மேல் உள்ள குற்றம், அதற்காகச் சாவதில் சந்தோஷமே என்பதுதான் அதன் சாரம். மறுநாள், 1693 பிப்ரவரி 4, பாம்பாற்றங்கரையில் அவர் தலையை வெட்டினார்கள். 46 வயதுகூட நிறையவில்லை. 1947-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். 1987-ல் உருவான நம்ம சிவகங்கை மறைமாவட்டத்தில்தான் ஓரியூர் திருத்தலம் இருக்கிறது.

அவர் ரத்தம் பட்டுத்தான் மண் சிவந்தது என்று மக்கள் நம்புகிறார்கள். இன்னொரு அதிசயம் பாருங்கள். அவரைக் கொன்ற சீமையின் மக்களே இன்று சாதி மதம் பார்க்காமல் அங்கே போய் மொட்டை போட்டு நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள்.

நாம் கற்கும் பாடம்

விக்கிரகம் என்று எழுதியதை மற்ற மத நண்பர்கள் தப்பாக நினைக்க வேண்டாம். பேராசையும் விக்கிரக வழிபாடுதான் என்று புனித பவுல் எழுதியிருக்கிறார். கடவுளுக்கு உரிய இடத்தில் நாம் எதைத் தூக்கி வைத்தாலும் அது விக்கிரகம்தான். பணம், மார்க், செல்போன், நமக்குப் பிடித்த நடிகர் எதுவாகவும் இருக்கலாம். அது நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிமையாக்கிவிடும். அருளானந்தருக்கு அந்த விக்கிரகம் அரண்மனையாக இருந்திருக்கலாம். அவர் அதற்குத் தலைவணங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்க ஐயா நோயாகப் படுத்தபோது அப்பத்தா ஓரியூருக்கு நேர்ந்துகொண்டது. ஆனாலும் ஐயா இறந்துவிட்டார். அடுத்த பிப்ரவரியிலும் அப்பத்தா கிளம்பியதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. ஏன் போறேன்னு கேட்டேன். கேட்டது கிடைத்தால் மட்டும் கும்பிடுவதற்குச் சாமி என்ன கடைக்காரரா என்று திருப்பிக் கேட்டது. அப்போது எனக்குப் புரியவில்லை.

இந்த வரலாற்றைப் படித்த பிறகு புரிகிறது. 1686-ல் கடவுள் அருளானந்தரைக் காப்பாற்றினார். 1693-ல் காப்பாற்றவில்லை. ஆனால் இரண்டு தடவையும் அவருடைய நம்பிக்கை ஒன்றாகவே இருந்தது. துன்பம் வராது என்பதற்காக நம்புவது வியாபாரம். துன்பம் வந்தாலும் நம்புவதுதான் விசுவாசம்.

இந்த பிப்ரவரியில் அப்பத்தாவோடு நானும் ஓரியூருக்குப் போகப் போகிறேன். நீங்களும் வாங்களேன்!



- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி