நடைபாதையில் ஒரே சொல்: ஆர்தர் ஸ்டேஸும் சிட்னி நகரமும்

2000ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவில், சிட்னித் துறைமுகப் பாலத்தில் வாணவேடிக்கை முடிந்து புகை விலகியபோது, பாலத்தின் வளைவில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல் விளக்குகளால் எழுதப்பட்டு ஒளிர்ந்தது. 'இட்டர்னிட்டி' என்பதே அந்தச் சொல். தமிழில் நித்தியம், முடிவில்லாக் காலம் என்று சொல்லலாம். உலகத் தொலைக்காட்சிகள் அந்தக் காட்சியை ஒளிபரப்பின. வெளிநாட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு அது புத்தாண்டு வாழ்த்தாகவோ ஏதோ ஒரு விளம்பரமாகவோ தோன்றியிருக்கலாம். சிட்னியில் பழைய ஆட்களுக்கு அந்தக் கையெழுத்தைத் தெரியும். அவர்கள் வேலைக்குப் போகும்போது காலடியில் பார்த்த எழுத்து அது. அதை எழுதியவர் இறந்து அப்போது 32 வருடங்கள் கடந்திருந்தன.

அவருடைய பெயர் ஆர்தர் ஸ்டேஸ். வெண்கட்டியால் சிட்னியின் நடைபாதைகளில் இந்த ஒரே சொல்லை ஏறத்தாழ 35 வருடங்கள் எழுதியவர். ஏறத்தாழ ஐந்து இலட்சம் தடவைகள் எழுதினார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஒருவரும் பக்கத்தில் நின்று எண்ணவில்லை என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 வருடங்கள் என்றால் 12,775 நாட்கள். நாளொன்றுக்கு 39 தடவைகள் எழுதினால் அந்த எண்ணிக்கை வந்துவிடும். விடியமுன் எழும்பி நடக்கும் ஒருவருக்கு இது முடியாத காரியம் அல்ல.

ஊடகக் கற்கை படித்தவர்களுக்கு அமெரிக்க அறிஞர் ஹரல்ட் லாஸ்வெல்லின் ஐந்து கேள்விகள் மனப்பாடமாக இருக்கும். யார் சொல்கிறார், என்ன சொல்கிறார், எந்த ஊடகத்தின் வழியாகச் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், அதனால் என்ன விளைவு. ஸ்டேஸைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது எனக்கு இந்தக் கேள்விகள்தான் நினைவுக்கு வந்தன. அவருடைய விடயத்தில் முதற்கேள்விக்கு 20 வருடங்களுக்கு மேலாக நகரத்திடம் பதில் இருக்கவில்லை. பதில் கிடைத்த பிறகு, கடைசிக் கேள்விக்கான பதில் மாறத் தொடங்கியது. இந்தக் கட்டுரை அந்த மாற்றத்தைப் பற்றியது.

வறுமையின் பிள்ளை

ஸ்டேஸ் 1885 பெப்ரவரி 9ஆம் திகதி சிட்னியின் ரெட்ஃபேர்ன் பகுதியில் பிறந்தார். தந்தை மொரீஷியஸில் இருந்து வந்த கூலித் தொழிலாளி. தாய் அவுஸ்திரேலியாவில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் குடிக்கு அடிமையானவர்கள். பிள்ளைகள் வீட்டுக்குக் கீழே சாக்குகளில் படுத்தார்கள். வீட்டு வாசல்களில் வைக்கப்பட்ட பாலையும் கடைகளில் பாணையும் களவெடுத்தே பசி ஆறினார்கள். 12 வயதில் ஸ்டேஸ் அரசின் பராமரிப்புக்குள் எடுக்கப்பட்டார். 14 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. 15 வயதில் முதன்முதலாகச் சிறை.

இருபதுகளில் அவர் செய்த வேலைகள் சரி ஹில்ஸ் பகுதியின் சந்துகளோடு சம்பந்தப்பட்டவை. நாணயம் சுண்டும் சூதாட்ட இடங்களில் பொலிஸ் வருகிறதா என்று பார்த்துச் சொல்வது, சகோதரிகள் நடத்திய பாலியல் தொழில் விடுதிகளுக்கு ஏவல் செய்வது என்று காலம் போனது. 1916இல் படையில் சேர்ந்து பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். நெஞ்சு நோயோடு திரும்பி வந்து 1919இல் விடுவிக்கப்பட்டார். பிறகு மறுபடியும் குடி. சாராயம் வாங்கக் காசில்லாத நாட்களில் விளக்கெரிக்கும் ஸ்பிரிட்டைக் குடித்தார். கசிப்புக்கு ஆட்களைப் பறிகொடுத்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் அதிக விளக்கம் தேவைப்படாது.

இந்தக் கதையில் பெரும்பகுதி, பின்னாளில் அவரே தேவாலயங்களில் சாட்சியாகச் சொன்னது. சாட்சி சொல்லுவதற்கு என்று ஒரு வடிவம் உண்டு. முன்னைய வாழ்க்கை எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ, பின்னைய வாழ்க்கை அவ்வளவு வெளிச்சமாகத் தெரியும். வாசிக்கும்போது அதையும் மனதில் வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த வறுமை கற்பனை அல்ல. அது அந்தக் கால சிட்னியின் உள்நகர வறுமை.

தேநீரும் பிரசங்கமும்

1930 ஆகஸ்ட் 6ஆம் திகதி, பொருளாதார மந்தம் நகரத்தை அமுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஸ்டேஸ் பிரோட்வேயில் உள்ள புனித பர்னபா தேவாலயத்துக்குப் போனார். வணக்கத்துக்குரிய ஆர்.பி.எஸ். ஹமண்ட் அங்கே வேலையற்ற ஆண்களுக்குக் கூட்டம் நடத்தி வந்தார். பிரசங்கம் முடிந்தால் தேநீரும் கேக்கும் கிடைக்கும். வந்தவர்களில் பலர் அதற்காகத்தான் வந்தார்கள். ஸ்டேஸும் அப்படித்தான். அன்றுமுதல் அவர் குடியை விட்டார்.

இரண்டு வருடங்களின் பின், 1932 நவம்பர் 14ஆம் திகதி, டார்லிங்ஹேர்ஸ்ட் பகுதியின் பேர்ட்டன் வீதி பப்டிஸ்ட் ஆலயத்தில் ஜோன் ரிட்லி என்ற போதகர் பேசினார். அவரும் முதலாம் உலகப் போரில் நின்றவர். ஏசாயாவின் 57ஆம் அதிகாரத்தில் இருந்து பேசிய அவர், நித்தியம் என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப உரத்துச் சொன்னார். சிட்னியின் ஒவ்வொரு வீதியிலும் அந்தச் சொல்லைக் கூவ வேண்டும் என்பது அவரது ஆசை. வெளியே வந்த ஸ்டேஸ் சட்டைப்பையில் இருந்த வெண்கட்டித் துண்டை எடுத்து, குனிந்து, நிலத்தில் அதை எழுதினார்.

தன் பெயரைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதவன் தான் என்றும், அந்தச் சொல் மட்டும் அழகாக வந்து விழுந்தது என்றும் அவர் பிறகு சொல்லி வந்தார். எழுத்தைப் பார்த்தால் அது வெறும் கிறுக்கல் அல்ல என்பது தெரியும். கொப்பர்பிளேட் என்று அழைக்கப்படும் சாய்வெழுத்து அது. முதல் எழுத்து பெரிதாகச் சுழிந்து நிற்கும். கடைசி எழுத்தின் வால் நிதானமாகக் கீழே இறங்கும். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குப் பழக்கிய கையெழுத்து அது. நம்பிக்கை உள்ளவர்கள் இதை அற்புதம் என்றார்கள். எனக்கு வேறொரு விடயம் முக்கியமாகப் படுகிறது. ஒரே சொல்லை ஒரு நாளைக்கு 39 தடவைகள் எழுதுகிறவரின் கை, சில மாதங்களிலேயே அந்தச் சொல்லில் தேர்ந்துவிடும்.

சொல்லும் சட்டமும்

விடியமுன் எழும்பிச் செபித்துவிட்டு அவர் புறப்படுவார். மார்ட்டின் பிளேஸ், வின்யார்ட், சென்ட்ரல் ரயில் நிலையம், பாடிங்டன், கிளீப் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு திசை. மக்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் எழுத்து மட்டும் இருக்கும், எழுதியவர் போய்விட்டிருப்பார். வேறு வாசகங்களையும் எழுதிப் பார்த்தார். கடவுளுக்குக் கீழ்ப்படியச் சொல்லி எழுதினார். கடவுளா பாவமா என்று கேட்டும் எழுதினார். ஆனால் முதலில் எழுதிய சொல்லை அவரால் விட முடியவில்லை.

நடைபாதையில் எழுதுவது மாநகர சபையின் விதிகளுக்கு மாறானது. பொலிஸார் தன்னை 24 தடவைகள் கைது செய்யப் பார்த்ததாக ஸ்டேஸ் சொல்லியிருக்கிறார். தனக்கு அனுமதி மேலிடத்தில் இருந்து கிடைத்திருக்கிறது என்பதே அவர்களுக்கு அவர் கொடுத்த பதில். மழை பெய்தால் அழிந்துவிடும் வெண்கட்டி எழுத்துத்தானே என்று சிலர் கேட்கலாம். ஆனால் பொதுவெளியில் எதை எழுதலாம், யார் எழுதலாம் என்ற கேள்விக்கு அழிவதும் நிலைப்பதும் அளவுகோல் அல்ல. அதே வீதிகளில் காசு கட்டியவர்களின் விளம்பரப் பலகைகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நின்றன. ஸ்டேஸிடம் பலகைக்கான காசு இல்லை. குனியக்கூடிய முதுகு இருந்தது.

எழுதுவது யார் என்று பத்திரிகைகள் ஊகம் எழுதின. பேர்ட்டன் வீதி ஆலயத்தில் ஸ்டேஸ் துப்புரவு வேலையும் செய்துவந்தார். அங்கே போதகராக இருந்த லைல் தொம்சன், அவர் குனிந்து எழுதுவதைத் தற்செயலாகக் கண்டார். 1956 ஜூனில் சண்டே டெலிகிராஃப் பத்திரிகை அவருடைய கதையை வெளியிட்டது. எழுதத் தொடங்கி 23 வருடங்களுக்கு மேலான பிறகே நகரத்துக்கு அந்த மெலிந்த, குள்ளமான மனிதரின் பெயர் தெரிந்தது. அதன்பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஜோர்ஜ் வீதியும் பாதேர்ஸ்ட் வீதியும் சந்திக்கும் மூலையில் சனிக்கிழமை இரவுகளில் அவர் நடத்திய தெருப் பிரசங்கமும் பல வருடங்கள் தொடர்ந்தது.

1942இல் அவர் பேர்ல் டோசன் என்பவரைத் திருமணம் செய்தார். இருவரும் பிர்மன்ட் பகுதியில் எளிய வீடொன்றில் வாழ்ந்தார்கள். 1961இல் பேர்ல் இறந்தார். 1965இல் ஸ்டேஸ் ஹமண்ட்வில் முதியோர் இல்லத்துக்குப் போனார். 1930இல் அவருக்குத் தேநீர் கொடுத்த அதே ஹமண்ட், மந்த காலத்தில் வேலையிழந்த குடும்பங்களுக்காக உருவாக்கிய குடியேற்றம் அது. 1967 ஜூலை 30ஆம் திகதி அங்கேயே இறந்தார். உடலைச் சிட்னிப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தார். இரண்டு வருடங்களின் பின்னரே எச்சங்கள் மனைவியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டன.

இறந்தபின் எழுந்த கேள்வி

அவருடைய மறைவுக்குப் பிறகு, அந்தச் சொல்லை நகரத்தில் நிரந்தரத் தகடுகளாகப் பதிக்கலாம் என்ற யோசனை வந்தது. அப்போது மாநகர சபை கலைக்கப்பட்டு, அரசு நியமித்த ஆணையாளர்கள் நகரத்தை நிர்வகித்துக்கொண்டிருந்தார்கள். இது அற்பமான விடயம் என்று அவர்கள் யோசனையைத் தள்ளிவிட்டார்கள். பத்து வருடங்களின் பின் காற்று மாறியது. நகர மண்டபத்துக்கும் புனித அந்திரேயா பேராலயத்துக்கும் இடையில் சிட்னிச் சதுக்கம் அமைக்கப்பட்டபோது, கட்டடக் கலைஞர் ரிட்லி ஸ்மித் அந்தச் சொல்லை அலுமினியத்தில் வார்த்து நிலத்தில் பதித்தார். அது 1977. ஸ்டேஸ் சனிக்கிழமைகளில் நின்று பேசிய மூலை அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

ஆனால் அந்தச் சொல்லைப் புதிய தலைமுறையிடம் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் மார்ட்டின் ஷார்ப் என்ற ஓவியர். தேவாலயத்து ஆள் அல்ல. 1964இல் 'ஒஸ்' சஞ்சிகைக்காக ஆபாச வழக்கில் தண்டிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் விடுபட்டவர். ஸ்டேஸின் எழுத்தைச் சுவரொட்டிகளிலும் ஓவியங்களிலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். 1994இல் லோரன்ஸ் ஜோன்ஸ்டன் ஆவணப்படம் எடுத்தார். பிறகு ஒரு இசை நாடகமும் வந்தது. 1999 டிசம்பர் இரவில் பாலம் ஒளிர்ந்தது. 2000 செப்டெம்பரில் ஒலிம்பிக் தொடக்க விழாவின் ஒரு பகுதிக்கும் அதே பெயர். ரிட்லி பிரசங்கம் செய்த ஆலயம் இன்று நாடக அரங்கு. 2013இல் திறந்தபோது அதற்கும் அந்தச் சொல்லையே வைத்தார்கள்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். ஸ்டேஸ் எழுதியது அலங்காரம் அல்ல, எச்சரிக்கை. நீ செத்தபின் எங்கே இருக்கப் போகிறாய் என்ற கேள்வியைத்தான் அவர் ஒவ்வொரு வழிப்போக்கனின் காலடியிலும் வைத்தார். அந்த நம்பிக்கையை நாங்கள் ஏற்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால் பாலத்தில் ஒளிர்ந்தபோது அந்தச் சொல் ஒருவரிடமும் எதையும் கேட்கவில்லை. நகரம் தன்னைத்தானே வாழ்த்திக்கொள்ளும் சொல்லாக அது மாறிவிட்டது. பொலிஸார் மறித்த எழுத்து, கடி இல்லாமல் போன பிறகே அரசுக்குப் பிடித்தது. வீதி எழுத்தாளர்கள் பலருக்கும் இதுதான் நடக்கிறது. எழுதும்போது குற்றம், எழுதியவர் போன பிறகு பாரம்பரியம்.

அதற்காக ஷார்ப்பையோ பாலத்தில் விளக்கேற்றியவர்களையோ நான் குறை சொல்ல மாட்டேன். வீதியில் எழுதுகிறவர் தன் சொல்லைத் தெருவுக்குக் கொடுத்துவிடுகிறார். பெயர் போடாமல் எழுதியவர் அதை இன்னும் முழுமையாகக் கொடுக்கிறார். அவர்கள் எடுத்துக்கொள்ளாமல் விட்டிருந்தால் இந்தக் கதை என்னிடம் வந்து சேர்ந்திருக்காது. நான் கேட்பது ஒன்றுதான். அந்தச் சொல்லோடு, வீட்டுக்குக் கீழே சாக்கில் படுத்த பிள்ளையையும் ஸ்பிரிட் குடித்த மனிதனையும் சேர்த்து நினைக்க வேண்டும். இன்று விடியற்காலையில் நடைபாதையில் குனிந்து எழுதும் இன்னொருவரை நகரம் எப்படி நடத்துகிறது என்றும் பார்க்க வேண்டும்.

அந்த ஐந்து இலட்சத்தில் இன்று எஞ்சியிருப்பவை என்று சொல்லப்படுபவை இரண்டு. ஒன்று, சக ஆலய உறுப்பினர் ஒருவருக்காக மட்டையில் எழுதிக் கொடுத்தது. அது கன்பராவில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றது, சிட்னிப் பிரதான தபால் நிலையத்து மணிக்கூட்டுக் கோபுரத்தின் மணிக்குள் எழுதப்பட்டது. குண்டுவீச்சுக்குப் பயந்து 1942இல் கழற்றிவைத்த கோபுரத்தை 1964இல் திரும்பப் பூட்டும்போதுதான் அதைக் கண்டார்கள்.

எங்கள் தமிழில் நித்தியம் என்றால் முடிவில்லாதது என்று மட்டும் பொருளல்ல. நாள்தோறும் என்றும் பொருள். கோயில்களில் நித்திய பூசை என்கிறோமே, அந்தப் பொருள். ஸ்டேஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவருடைய வாழ்க்கைக்கு இரண்டு பொருளும் பொருந்துகிறது. அவர் நம்பியது முதலாவதை. அவர் செய்து காட்டியது இரண்டாவதை.