பென்சில் கோட்டில் தொடங்கிய வன்தட்டு: ஆசிரியர் ரெனால்ட் ஜான்சனின் கதை

எஸ்.பி.எம். தேர்வு மண்டபம். கையில் 2பி பென்சிலுடன் ஒரு மாணவி அமர்ந்திருக்கிறார். நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்து, அதற்குரிய இடத்தைக் கருமையாக்குகிறார். சில ஆண்டுகள் கழித்து அதே மாணவி பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். ஸ்கூடாயில் உள்ள ஒரு கணினிக் கடையில் நின்றுகொண்டு, வீட்டுக் கணினியோடு இணைத்துப் பயன்படுத்தக் குறைந்த விலையில் ஒரு ஹார்ட் டிஸ்க், அதாவது வெளிப்புற வன்தட்டு, கிடைக்குமா என்று கேட்கிறார்.

பென்சிலால் கருமையாக்கும் விடைத்தாளுக்கும் தகவல்களைச் சேமிக்கும் வன்தட்டுக்கும் என்ன தொடர்பு? இரண்டின் வரலாற்றிலும் ஒரே மனிதரின் பெயர் வருகிறது. அவர் ரெனால்ட் பி. ஜான்சன். வன்தட்டின் தந்தை என்று கணினி உலகம் அவரைப் போற்றுகிறது. அவர் தொழில் வாழ்க்கையைத் தொடங்கியதோ ஒரு பள்ளி ஆசிரியராக!

குறும்புக்காரச் சிறுவன்

ஜான்சன் 1906ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தார். சுவீடனிலிருந்து குடியேறிய குடும்பம். சிறு வயதில் அவர் செய்த ஒரு குறும்பு பின்னாளில் அவர் வாழ்க்கையையே மாற்றியது. காரின் ஸ்பார்க் பிளக்கின் வெளிப்புறத்தில் பென்சிலால் கோடு கிழித்து விடுவார். பென்சில் முனையில் இருப்பது கிராபைட். அது மின்சாரத்தைக் கடத்தும். எனவே உள்ளே தீப்பொறியை உண்டாக்க வேண்டிய மின்சாரம் அந்தக் கோட்டின் வழியே நழுவிப் போய்விடும். கார் கிளம்பாது. உரிமையாளர் காரணம் தெரியாமல் தவிப்பார்.

ஜான்சன் பொறியியல் படித்தவர் அல்லர். 1929இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கல்வி நிர்வாகத்தில் பட்டம் பெற்றார். பிறகு மிச்சிகன் மாநிலத்தின் அயர்ன்வுட் நகரில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியரானார்.

விடைத்தாள் குவியல்

ஆசிரியர் வேலையில் நேரத்தை அதிகம் விழுங்குவது விடைத்தாள் திருத்துவதுதான். மாணவர்களோடு செலவிட வேண்டிய நேரம், சரியா தவறா என்று ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்துக் கூட்டுவதிலேயே கரைந்துவிடும். இந்த வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்தால் என்ன என்று ஜான்சன் யோசித்தார். சிறு வயதுக் குறும்பு நினைவுக்கு வந்தது. மாணவர் விடையைப் பென்சிலால் குறித்தால், அந்தக் குறியின் வழியே மின்சாரம் பாயும். சரியான இடத்தில் எத்தனை குறிகள் உள்ளன என்பதை மின்சாரத்தின் அளவே சொல்லிவிடும்.

யோசனை நல்லதுதான். ஆனால் ஒரு மாணவர் அழுத்திக் குறிப்பார். இன்னொருவர் லேசாகத் தொட்டு விடுவார். குறிக்குக் குறி மின்சார அளவு மாறினால் மதிப்பெண்ணும் தவறாகிவிடுமே! ஜான்சன் இதற்கு எளிய தீர்வு கண்டார். ஒவ்வொரு விடைக்குமான மின்சுற்றிலும் மிக அதிக மின்தடையைச் சேர்த்தார். அந்தப் பெரிய தடையின் முன்னால் பென்சில் குறிகளுக்கு இடையிலான வேறுபாடு ஒரு பொருட்டே இல்லாமல் போனது.

ஐ.பி.எம். நிறுவனம் முதலில் தயங்கினாலும் பின்னர் அந்தக் கண்டுபிடிப்பின் உரிமையை வாங்கியது. 1934இல் ஜான்சனையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. அந்த இயந்திரம் 1938இல் ஐ.பி.எம். 805 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்றைய திருத்தும் இயந்திரங்கள் மின்சாரத்துக்குப் பதில் ஒளியைக் கொண்டு குறிகளைப் படிக்கின்றன. ஆனால் மாணவர் பென்சிலால் குறிப்பார், இயந்திரம் எண்ணும் என்ற முறை அன்று வேரூன்றியதுதான்.

பழத்தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஆய்வுக்கூடம்

1952இல் ஜான்சனுக்கு வயது 45. கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் ஒரு புதிய ஆய்வுக்கூடத்தைத் தொடங்கி நடத்தும்படி நிறுவனம் அவரை அனுப்பியது. சிலிக்கன் பள்ளத்தாக்கு என்ற பெயர் அப்போது இல்லை. அந்த வட்டாரம் பழத்தோட்டங்களுக்குத்தான் பெயர் பெற்றிருந்தது. ஜான்சன் ஒரு சாதாரணக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, இளம் பொறியாளர்களைச் சேர்க்கத் தொடங்கினார்.

அன்றைய அலுவலகங்களில் தகவல்கள் துளையிட்ட அட்டைகளில் இருந்தன. ஒரு கடையில் ஆயிரக்கணக்கான பொருள்கள் உண்டென்றால் அதே அளவில் அட்டைகளும் இருக்கும். ஒருவர் ஒரு பொருளை வாங்கினால், எழுத்தர் அட்டைத் தொட்டியில் கைவிட்டு உரிய அட்டையைத் தேடி எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதே இடத்தில் திருப்பி வைக்க வேண்டும். இடம் மாறினால் அடுத்த முறை அது கிடைக்காது. காந்த நாடாவும் அப்போது இருந்தது. ஆனால் நாடாவின் கடைசியில் உள்ள தகவல் வேண்டுமென்றால் முதலிலிருந்து ஓட்டிக்கொண்டே போக வேண்டும். ஒலிநாடாவில் பத்தாவது பாட்டைத் தேடியவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும்.

ஜான்சன் குழுவின் முன்னால் இருந்த கேள்வி இதுதான். எந்தத் தகவலை எப்போது கேட்டாலும், மற்றவற்றைக் கடந்து போகாமல், நேராக அதனிடம் போய்ச் சேருவது எப்படி? பல வடிவங்களை ஆராய்ந்தார்கள். சுழலும் உருளை வேகமாக வேலை செய்தது. ஆனால் அதன் வெளிப்புறத்தில் மட்டுமே எழுத முடியும். தட்டுகளோ அப்படியல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். இரு பக்கமும் எழுதலாம். குறைந்த இடத்தில் நிறையப் பரப்பு கிடைக்கும். ஜான்சன் தட்டுகளைத் தேர்ந்தார்.

காலுறையும் காகிதக் குவளையும்

தட்டின் மேல் காந்தப் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். மேடுபள்ளம் கூடாது. இதற்காக அவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த பூச்சை நைலான் காலுறையில் வடிகட்டினார்கள். பிறகு அதைக் காகிதக் குவளையில் எடுத்து, சுழலும் தட்டின் நடுவில் ஊற்றினார்கள். சுழற்சியில் பூச்சு விளிம்பு வரை சீராகப் பரவியது. உலகின் முதல் வன்தட்டு இப்படிக் கடையில் கிடைக்கும் சாதாரணப் பொருள்களின் துணையோடுதான் உருவானது.

அடுத்த சிக்கல் இன்னும் கடினம். தகவலை எழுதிப் படிக்கும் முனை, தட்டுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஆனால் தொடக் கூடாது; தொட்டால் பூச்சு உரிந்து தகவல் அழிந்துவிடும். அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தி, முனையையும் தட்டையும் ஒரு மெல்லிய காற்றுப் படலத்தால் பிரித்து வைத்தார்கள்.

1956 செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற கணினியை அறிவித்தது. அதனுடன் வந்த சேமிப்புப் பெட்டிதான் உலகின் முதல் வணிக வன்தட்டு. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. எடை ஒரு டன்னுக்கும் மேல். கொள்ளளவு 5 மில்லியன் எழுத்துகள். இன்றைய கணக்கில் சுமார் 3.75 மெகாபைட். கைப்பேசியில் எடுக்கும் தெளிவான படம் ஒன்றையே அதில் அடக்குவது சிரமம். கணினியின் மாத வாடகை 3,200 அமெரிக்க டாலர். இருந்தாலும், கேட்ட தகவலை ஒரு நொடிக்குள் தேடித் தந்தது. தகவலைத் தேடும் முறையை அந்த ஒரு நொடி மாற்றிவிட்டது.

ஓய்விலும் ஆசிரியர்தான்

ஜான்சன் 90க்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றார். 1971இல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் மனம் வகுப்பறையைவிட்டு விலகவில்லை. தொட்டால் பேசும் சிறுவர் புத்தகங்களுக்கான ஒலித் தொழில்நுட்பத்தை உருவாக்கினார். பள்ளிப் பிள்ளைகள் எளிதாகக் கையாளும்படி வீடியோ நாடாவைச் சிறு பெட்டிக்குள் அடக்கும் முயற்சியிலும் அவருக்குப் பங்குண்டு. 1986இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1998 செப்டம்பர் 15ஆம் தேதி, 92ஆவது வயதில், கலிபோர்னியாவில் காலமானார்.

அவர் விதைத்த தொழில் நம் மாநிலம் வரை வந்திருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்திருந்த ஜொகூரின் செனாய் வட்டாரத்தில், வன்தட்டுகளின் அடித்தளத் தட்டைத் தயாரிக்கும் சீகேட் நிறுவனத்தின் தொழிற்சாலை இடம்பெற்றது. உலகின் எங்கோ ஒரு மாணவரின் பாடக்குறிப்பு ஜொகூரில் உருவான தட்டின் மேல் எழுதப்பட்டிருக்கலாம்.

வாங்கும்போது ஜான்சனை நினையுங்கள்

இனி ஸ்கூடாய் கடைக்குத் திரும்புவோம். 1 டெராபைட் வன்தட்டு ஒன்று சட்டைப்பையில் அடங்கும். அதன் கொள்ளளவுக்கு ஈடு கட்ட 266,000க்கும் மேற்பட்ட ராமாக் பெட்டிகள் வேண்டும். எனவே பாடக்குறிப்புகள், திட்ட அறிக்கைகள், குடும்பப் படங்கள் ஆகியவற்றுக்கு 1 டெராபைட்டே பெரும்பாலான மாணவர்களுக்குப் போதும். கணினியில் இணைத்ததும் 931 என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

ஆனால் மிகப் பெரிய கொள்ளளவை நம்ப முடியாத மலிவு விலைக்கு யாராவது இணையத்தில் விற்றால் விலகி நில்லுங்கள். உள்ளே சிறிய நினைவகத்தை வைத்து, பெரிய எண்ணைக் காட்டும்படி செய்த போலிகள் உண்டு. அவை நிரம்பிய பிறகு எழுதப்படும் கோப்புகள் காணாமல் போகும். உத்தரவாதம் தரும் கடையில், யு.எஸ்.பி. 3.0 அல்லது அதற்கும் மேற்பட்ட இணைப்புள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தனி மின்இணைப்பு தேவைப்படாத 2.5 அங்குல வகை, பையில் எடுத்துச் செல்ல வசதியானது. அசையும் பாகங்கள் இல்லாத எஸ்.எஸ்.டி. வகை வேகமானது, அதிர்ச்சியையும் தாங்கும். ஆனால் அதே கொள்ளளவுக்கு விலை கூடுதல்.

ஜான்சன் குழுவைத் தூங்கவிடாத அந்த இடைவெளி இன்றைய வன்தட்டில் சில நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. தட்டு சுழலும்போது பெட்டி மேசையிலிருந்து விழுந்தால், முனை தட்டில் உரசும். 1950களில் அவர்கள் அஞ்சிய அதே விபத்து நடக்கும். ஆகவே வேலை செய்யும்போது வன்தட்டை நகர்த்தாதீர்கள். கணினியில் முறைப்படி துண்டித்த பிறகே கம்பியைக் கழற்றுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் வன்தட்டு ஒருநாள் பழுதாகும். இறுதியாண்டுத் திட்ட அறிக்கையை மறுபடி எழுதலாம். தாத்தாவும் பாட்டியும் தோட்டத்து லயத்து வீட்டின் முன் நின்று எடுத்த ஒரே படத்தை மறுபடி எடுக்க முடியாது. வெளிப்புற வன்தட்டு வாங்கிய மகிழ்ச்சியில் கணினியில் இருப்பதை அழித்துவிட்டு, எல்லாவற்றையும் அதற்குள் மாற்றிவிட்டால், உங்களிடம் இருப்பது மீண்டும் ஒரே பிரதிதான். கணினியில் ஒன்று, வன்தட்டில் ஒன்று, முடிந்தால் இணையச் சேமிப்பில் அல்லது உறவினர் வீட்டில் இன்னொன்று என்று வையுங்கள். கோப்புகளுக்குத் தேதியோடு தெளிவான பெயரிடுங்கள். கேட்டது உடனே கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தானே ஜான்சன் அவ்வளவு பாடுபட்டார்!

மாணவர்களே, விடைத்தாள் திருத்தும் சலிப்பிலிருந்தும், அட்டைத் தொட்டியில் கைவிட்டுத் தேடிய எழுத்தரின் சிரமத்திலிருந்தும் இந்த ஆசிரியர் தம் கண்டுபிடிப்புகளைத் தொடங்கினார். உங்கள் வகுப்பறையிலும் வீட்டிலும் நேரத்தை வீணடிக்கும் வேலை எது என்று இன்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அதைக் குறித்து வைக்க ஒரு பென்சில் போதும்.